மிஸ், இதுக்குச் சட்டம் இருக்கா?

இன்னைக்கு அடிப்படை உரிமைகளைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். பள்ளிக்கூடத்துல சிவிக்ஸ் பீரியட்ல தூங்கினவங்க தைரியமா கேக்கலாம்.

நான் ஒரு வழக்கறிஞர். மாசத்துல ரெண்டு சனிக்கிழமை சென்னையில இருக்கிற பள்ளிக்கூடங்களுக்குப் போய், 13லிருந்து 17 வயசு வரைக்கும் இருக்கிற பிள்ளைங்ககிட்ட சட்டத்தைப் பத்திப் பேசறேன். அந்த வகுப்புகள்ல வர்ற கேள்விகளை வெச்சுத்தான் இந்த எபிசோட். உங்க வீட்ல ஒரு தம்பியோ தங்கச்சியோ அக்கா பொண்ணோ இந்த வயசுல இருந்தா, இதுல பாதியையாவது அவங்களுக்குச் சொல்லுங்க.

அடிப்படை உரிமைகள் எத்தனைன்னு கேட்டா வகுப்பே சேர்ந்து ‘ஆறு’ன்னு சொல்லும். வரிசையாவும் ஒப்பிப்பாங்க. முன்னாடி சொத்துரிமையும் சேர்ந்து ஏழா இருந்துச்சு, 1978ல 44ஆவது திருத்தத்துல எடுத்துட்டாங்கன்னு முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். பரீட்சைக்கு அது போதும். அடுத்து நான் கேப்பேன்: ‘சரி, நாளைக்கு ராத்திரி டியூஷன் முடிஞ்சு வரும்போது போலீஸ் உன் சைக்கிளை நிறுத்தி, போனைக் குடு, வாட்ஸ்அப்பைக் காட்டுன்னு சொன்னா, இந்த ஆறுல எது உனக்கு உதவும்?’ வகுப்பு அமைதியாயிடும்.

உரிமைகளோட பட்டியல் அவங்களுக்குத் தெரியும். அதைக் கையில எடுத்து எப்படிப் பயன்படுத்தறதுன்னு யாரும் சொல்லித் தரலை. நான் நாலு கேள்விகளா சொல்லித் தர்றேன். இதைச் செய்யறது யார்? எந்தச் சட்டத்தின்படி? அந்தச் சட்டம் நியாயமானதா? எங்க போய்க் கேக்கறது? இந்த நாலையும் கேக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு ஆர்ட்டிக்கிள் நம்பர் மறந்துபோனாலும் பரவாயில்லை.

18 வயசு ஆகணுமா?

எல்லா வகுப்புலயும் முதல்ல வர்ற சந்தேகம் இது. ஓட்டுப் போட 18 வயசு. அதுவும் 1988ல வந்த 61ஆவது திருத்தம் வரைக்கும் 21ஆ இருந்துச்சு. அதனால உரிமை எல்லாமே 18க்கு மேலதான்னு பிள்ளைங்க நினைச்சுக்கறாங்க. பெரியவங்களும் அப்படித்தான் நினைக்கறாங்க.

அரசியலமைப்புல அப்படி எங்கயும் இல்லை. சமத்துவத்தைச் சொல்ற 14ஆவது பிரிவும், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தர்ற 21ஆவது பிரிவும் ‘எந்த நபருக்கும்’னு சொல்லுது. வயசு கேக்கலை. இந்தியக் குடிமகனான்னு கூடக் கேக்கலை. பேச்சுரிமை உள்ள 19ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டும்தான், ஆனா அதுலயும் வயசு இல்லை. பத்தாவது படிக்கிற பிள்ளைக்கும் அது உண்டு. இதைச் சொன்னதும் கொஞ்சம் நிமிர்ந்து உக்காருவாங்க.

இதைச் செய்யறது யார்?

நிமிர்ந்து உக்காந்ததும் வர்ற கேள்வி: ‘மிஸ், எங்கப்பா போனைப் புடுங்கி வெச்சுக்கறாரு. ஆர்ட்டிக்கிள் 21 மீறல்தானே?’

எல்லாரும் சிரிப்பாங்க. ஆனா நல்ல கேள்வி. அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசுக்கு எதிரா நமக்குக் கிடைச்ச பாதுகாப்பு. 12ஆவது பிரிவுல ‘அரசு’ன்னா யார்னு வரையறை இருக்கு: மத்திய அரசு, மாநில அரசு, நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகள், அரசோட கட்டுப்பாட்டுல இயங்கற அமைப்புகள். அப்பா அந்தப் பட்டியல்ல இல்லை. பரீட்சை முடியற வரைக்கும் போன் அப்பாகிட்டத்தான் இருக்கும்.

அப்போ தனியார் பள்ளிக்கூடம்? பொதுவா அதுவும் ‘அரசு’ இல்லை. ஆனா அங்க உரிமையை வேற வழியில கொண்டுபோக முடியும். 2002ல 86ஆவது திருத்தம் மூலமா 6 முதல் 14 வயசு வரைக்கும் கல்வி அடிப்படை உரிமை ஆச்சு. அதை நடைமுறைப்படுத்த வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வந்துச்சு. அதோட 17ஆவது பிரிவு, பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனரீதியாத் துன்புறுத்தவும் கூடாதுன்னு சொல்லுது. தனியார் பள்ளி ஆசிரியரையும் இது கட்டுப்படுத்தும். அரசியலமைப்பு நேரா நுழையாத வகுப்பறைக்குள்ள ஒரு சாதாரணச் சட்டம் நுழையுது.

போன் விஷயத்துக்கே திரும்ப வரேன். கோழிக்கோடு பக்கம் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில், மாலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை போன் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருந்தது. ஒரு மாணவி அதை ஏற்க மறுத்தார். விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார். கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது, அவரை மறுபடி விடுதியில் சேர்க்க வேண்டும். அப்பா புடுங்கின போனுக்கும் இந்தப் போனுக்கும் என்ன வித்தியாசம்னு நான் பிள்ளைங்களையே சொல்லச் சொல்வேன். பத்து நிமிஷம் சண்டை போட்டு அவங்களே சொல்லிடுவாங்க.

எந்தச் சட்டத்தின்படி?

எனக்கு ரொம்பப் பிடிச்ச வழக்கு ஒண்ணு இருக்கு. நான் நடத்துற எல்லா வகுப்புலயும் சொல்வேன், ஏன்னா அதுல வழக்குப் போட்டவங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்க.

கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். மூன்று பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தார்கள். காலை வணக்கத்தில் தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். பாட மாட்டார்கள், அவர்கள் நம்பிக்கை அதற்கு இடம் தரவில்லை. பல வருஷம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விஷயம் சட்டமன்றம் வரைக்கும் போன பிறகு, விசாரணை நடந்தது. பிள்ளைகள் எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்றே அறிக்கை சொன்னது. அப்படியிருந்தும் 1985 ஜூலையில், கல்வித் துறை அதிகாரியின் அறிவுறுத்தலின்படி, மூன்று பேரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்கள்.

உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று இதைச் சொல்வோம். 1986 ஆகஸ்டில் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் தத்தும் தீர்ப்பளித்தார்கள்.

அந்தத் தீர்ப்புல கோர்ட் கேட்ட முதல் கேள்வியைக் கவனிங்க. தேசிய கீதத்தைப் பாடியே ஆகணும்னு எந்தச் சட்டம் சொல்லுது? 1971ஆம் வருஷச் சட்டம் ஒண்ணு இருக்கு. மத்தவங்க பாடறதைத் தடுத்தாலோ, அந்தக் கூட்டத்துல தொந்தரவு செஞ்சாலோ குற்றம்னு அது சொல்லுது. அமைதியா நின்னா குற்றம்னு சொல்லலை. அப்போ எதை வெச்சு நீக்கினாங்க? கல்வித் துறையோட சுற்றறிக்கையை வெச்சு. சட்டத்தோட பலம் இல்லாத ஒரு சுற்றறிக்கையால பேச்சுரிமையையும் மத உரிமையையும் பறிக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. பேசற உரிமைக்குள்ள பேசாம இருக்கிற உரிமையும் இருக்கு. மூணு பேரையும் திரும்பச் சேர்த்துக்கச் சொன்னாங்க.

இதைக் கேட்டு ஒரு பையன் சொன்னான்: ‘எனக்கு அவங்க செஞ்சது பிடிக்கலை மிஸ். நான் பாடுவேன்.’ தாராளமா பாடு. அவங்க செஞ்சது உனக்குப் பிடிச்சிருக்கணும்னு அவசியமே இல்லை. ஊரே ஒத்துக்கிற விஷயத்தைச் செய்யறவனுக்குப் பாதுகாப்பு எதுக்கு? ஊரே முறைக்கும்போது தனியா நிக்கற மூணு பிள்ளைங்களுக்குத்தான் அது தேவை.

இன்னொண்ணும் சொல்லியாகணும். நீக்கினது 1985 ஜூலை. தீர்ப்பு 1986 ஆகஸ்ட். ஜெயிச்ச வழக்குதான், ஆனா நடுவுல ஒரு வருஷத்துக்கு மேல போயிடுச்சு. பள்ளிக்கூட வயசுல ஒரு வருஷம் எவ்வளவு பெருசுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியும். கோர்ட்டுக்குப் போனா உடனே நியாயம் கிடைச்சிடும்னு நான் பொய் சொல்றதில்லை.

ராத்திரி, சைக்கிள், போலீஸ்

இப்போ ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வரலாம். 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி, புட்டசாமி வழக்குல உச்ச நீதிமன்றத்தோட 9 நீதிபதிகளும் ஒருமனதா அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. அரசு அதுக்குள்ள நுழையணும்னா அதுக்குச் சட்டம் இருக்கணும், நியாயமான நோக்கம் இருக்கணும், செய்யறது தேவைக்கு மிஞ்சாம இருக்கணும். ஒரு வழக்கு விசாரணையில சட்டப்படி போனைக் கைப்பத்தறது வேற. சும்மா ரோட்டுல நிறுத்தி சாட் படிக்கிறது வேற.

ஆனா ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு 15 வயசுப் பையன் ரோட்டுல நின்னு புட்டசாமி தீர்ப்பைப் பேசினா என்ன நடக்கும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால நான் சொல்லித் தர்றது இது: குரலை உயர்த்தாதே, ஓடாதே. பேரும் விலாசமும் சொல்லு. ‘எதுக்காக சார், என்ன கேஸ்?’னு மரியாதையா ஒரு தடவை கேளு. வீட்டுக்கு போன் பண்ணணும்னு சொல்லு. சட்டையில இருக்கிற பேர், இடம், நேரம், வண்டி நம்பர், இதை ஞாபகத்துல வை. சண்டையை மறுநாள் பகல்ல, பெரியவங்களோட சேர்ந்து, எழுத்துல போடலாம்.

அதுக்கு மேல போய் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா? 22ஆவது பிரிவின்படி கைது செஞ்சா காரணத்தைச் சொல்லணும், வக்கீலைப் பார்க்க விடணும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். 20ஆவது பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கெதிரா சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. இது எல்லாருக்கும் பொது.

18 வயசுக்குக் கீழ இருந்தா 2015ஆம் வருஷ இளைஞர் நீதிச் சட்டமும் சேர்ந்துக்கும். லாக்கப்ல வைக்கக் கூடாது. ஜெயில்ல வைக்கக் கூடாது. கைவிலங்கு கூடாது. அப்பா அம்மாவுக்குத் தகவல் சொல்லணும். 24 மணி நேரத்துக்குள்ள இளைஞர் நீதிக் குழுமத்து முன்னாடி கொண்டுபோகணும். பேர், போட்டோ, பள்ளிக்கூடம் எதையும் பத்திரிகையிலயோ டிவியிலயோ போடக் கூடாது. சாட்சியா மட்டும் விசாரிக்கணும்னா, 15 வயசுக்குக் கீழ இருக்கிற பையனையும், எந்த வயசுப் பெண்ணையும் ஸ்டேஷனுக்கு வான்னு கட்டாயப்படுத்த முடியாது, அவங்க இருக்கிற இடத்துக்குத்தான் போலீஸ் போகணும். இதைக் கேட்டு கைதட்டாத வகுப்பு கிடையாது.

கைதட்டல் நின்ன நாள்

ஒரு தடவை அந்தக் கைதட்டலுக்கு நடுவுல ஒரு பொண்ணு எழுந்து கேட்டா: ‘நாங்குநேரியில வெட்டினவங்களுக்கும் இதெல்லாம் உண்டா மிஸ்?’

2023 ஆகஸ்டில், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், 12ஆம் வகுப்பு படித்த ஒரு பட்டியலின மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் அவரோடு அதே பள்ளியில் படித்த மாணவர்கள். பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டை ஒழிக்க வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடைசெய்வதும் அதில் இருந்த பரிந்துரைகளில் ஒன்று.

அந்தப் பொண்ணுக்கு நான் சொன்ன பதில் ரெண்டு பகுதியா இருந்துச்சு.

முதல் பகுதி, அந்த அண்ணன் தங்கச்சியோட உரிமை. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்குது. இது அரசுக்கு மட்டும் சொன்னது கிடையாது. பக்கத்து பெஞ்சுல உக்காந்திருக்கிறவன், டீக்கடைக்காரர், வாத்தியார், எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னது. அதை மீறினா தண்டிக்கக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955லிருந்து இருக்கு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989லிருந்து இருக்கு. சாதி பேர் சொல்லித் திட்டறது ‘பசங்க விளையாட்டு’ன்னு ஒரு ஆசிரியர் சொன்னா, அவர் அரசியலமைப்பைப் படிக்கலைன்னு அர்த்தம்.

ரெண்டாவது பகுதி கஷ்டமானது. ஆமா, குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைங்களுக்கும் லாக்கப் கிடையாது, அவங்க பேரையும் வெளியிடக் கூடாது. அதுக்காக விட்டுட்டாங்கன்னு அர்த்தமில்லை. 16லிருந்து 18 வயசுக்குள்ள இருக்கிறவங்க கொடுங்குற்றம் செஞ்சதா வழக்கு வந்தா, குழுமம் முதல்ல ஆராய்ஞ்சு பார்த்து, வயது வந்தவரைப் போல விசாரிக்கச் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். ஆனா தூக்குத் தண்டனை தர முடியாது. திரும்பி வர வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் தர முடியாது.

‘இது நியாயமா மிஸ்?’னு அவ கேட்டா. நீ என்ன நினைக்கறேன்னு நான் கேட்டேன். ‘எனக்குக் கோவமா இருக்கு’ன்னா. இருக்கட்டும். கோவம் தப்பில்லை. ஆனா போன வாரம் உன் தம்பியைச் சந்தேகத்துல பிடிச்சிருந்தா, இதே பாதுகாப்பைத்தான் நீ கேட்டிருப்பே. யாரைப் பிடிச்சாங்கங்கறதைப் பார்த்துச் சட்டம் மாறினா, உன் தம்பிக்கும் அது நிக்காது. அவ சமாதானம் ஆனாளான்னு எனக்குத் தெரியாது. ஆனா அன்னைக்கு மணி அடிச்ச பிறகும் அந்த வகுப்புல யாரும் எழுந்து போகலை.

அந்தச் சட்டமே தப்பா இருந்தா?

மூணாவது கேள்விக்கு உதாரணம் 66ஏ. தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல இருந்த ஒரு பிரிவு. இணையத்துல யாருக்காவது எரிச்சலூட்டற மாதிரி எழுதினாக்கூட ஜெயில்னு அதுக்கு அர்த்தம் பண்ண முடிஞ்சுது. 2012 நவம்பர்ல பால் தாக்கரே இறந்தப்ப, ஊரை ஏன் மூடணும்னு மகாராஷ்டிரத்துல பால்கர்ல ஒரு பொண்ணு ஃபேஸ்புக்ல எழுதினாங்க. அவங்க தோழி லைக் போட்டாங்க. ரெண்டு பேரும் கைது. அப்போ சட்டம் படிக்கத் தயாராகிட்டிருந்த ஷ்ரேயா சிங்கால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2015 மார்ச் 24ஆம் தேதி கோர்ட் அந்தப் பிரிவையே ரத்து செஞ்சுது.

கதை அதோட முடியலை. ரத்தான பிரிவுல போலீஸ் தொடர்ந்து வழக்குப் போட்டுட்டே இருந்துச்சு. பி.யு.சி.எல். அமைப்பு மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்துச்சு. 2022 அக்டோபர்ல, 66ஏ பேர்ல இனிமே யார் மேலயும் வழக்கு நடத்தக் கூடாதுன்னு கோர்ட் திரும்பவும் உத்தரவு போட்டுச்சு. செத்துப்போன சட்டம் ஏழு வருஷம் நடமாடிட்டு இருந்திருக்கு. டெல்லியில ஒரு தீர்ப்பு வந்துட்டா அது தானா நம்ம தெரு ஸ்டேஷனுக்கு வந்து சேராது. ‘இந்தப் பிரிவு ரத்தாயிடுச்சே சார்’னு சொல்ல அங்க ஒருத்தர் இருக்கணும். நான் சனிக்கிழமை சனிக்கிழமை பள்ளிக்கூடம் போறதுக்குக் காரணம் இதுதான்.

எதை வேணும்னாலும் எழுதலாம்னு இதுக்கு அர்த்தம் கிடையாது. 19ஆவது பிரிவுலயே நியாயமான கட்டுப்பாடுகள் என்னென்னன்னு எழுதியிருக்கு. கூடப் படிக்கிற பொண்ணோட படத்தை மார்ஃப் பண்ணி குரூப்ல போடறது கருத்துச் சுதந்திரம் இல்லை, குற்றம். அங்க பாதுகாக்க வேண்டியது அந்தப் பொண்ணோட உரிமையை.

எங்க போய்க் கேக்கறது?

அடிப்படை உரிமை மீறப்பட்டா 32ஆவது பிரிவின்படி நேரா உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம். 226ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 1948 டிசம்பர்ல அரசியல் நிர்ணய சபையில, இந்த 32ஆவது பிரிவுதான் அரசியலமைப்போட ஆன்மா, இதயம்னு அம்பேத்கர் சொன்னார். முறையிட இடம் இல்லாட்டி மத்த உரிமைகள் காகிதத்துல எழுத்தாவே இருந்துடும்.

ஆனா ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு உச்ச நீதிமன்றம் ரொம்ப தூரம். பக்கத்துல இருக்கிறதைச் சொல்றேன், எழுதிக்கோங்க. 1098, குழந்தைகளுக்கான உதவி எண், 24 மணி நேரமும் இருக்கும். 15100, இலவசச் சட்ட உதவி. 1987ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு கேக்காம வக்கீல் வெச்சுத் தரணும். ஒவ்வொரு மாவட்ட கோர்ட் வளாகத்துலயும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கு. அங்க மனு எழுதித் தரவும் ஆள் இருக்காங்க, காசு கேக்க மாட்டாங்க.

இந்த ரெண்டு எண்ணையும் உங்க போன்ல மட்டும் சேவ் பண்ணிட்டு விட்டுடாதீங்க. போன் கையில இல்லாத நேரத்துலதான் அது தேவைப்படும். வீட்ல இருக்கிற அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மனப்பாடமா சொல்லிக் குடுங்க. அப்படியே அந்த நாலு கேள்வியையும். அதுக்கு அப்புறம் அவங்க அதை முதல்ல உங்ககிட்டத்தான் கேப்பாங்க, தயாரா இருங்க.